மூக்கின் சாட்சியம்

கண்ணுக்கு இமை உண்டு. நாவுக்கு இதழ் உண்டு. செவியைக்கூட விரலால் அடைத்துக்கொள்ளலாம். மூக்குக்கு அத்தகைய கதவு இல்லை. காண விரும்பாததைக் காணாதும், உண்ண விரும்பாததை உண்ணாதும் இருக்க வல்ல மனிதன், முகர விரும்பாததை விலக்க வேண்டுமாயின் மூச்சையே விலக்க வேண்டியவனாகிறான். புலன்களுள் முகர்தல் ஒன்றே உயிர்ப்போடு ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்வது. இக்காரணத்தால், முகர்தல் பற்றி எழும் ஐயம் அறிவாராய்ச்சிக்குரிய ஐயமாக மட்டும் நின்றுவிடாது, வாழ்வு பற்றிய ஐயமாகவும் மாறிவிடக் கூடும். அவ்வாறு மாறும் ஒரு நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறக்கத்தின்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடும் நோயுடைய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வைத்தியரின் பணிப்புரைப்படி இரவுதோறும் முகமூடியொன்றை அணிந்து, பொறியொன்று குழாய் வழியே செலுத்தும் காற்றைச் சுவாசித்தபடி அவர் உறங்குகிறார். முதற் சில வாரங்கள் குறையின்றிக் கழிகின்றன. பின்னர் ஓரிரவு, பொறி இயங்கத் தொடங்கியதும், பிளாஸ்ரிக் கருகுவது போன்ற மணம் எழுகிறது. முகமூடியைக் கழற்றி அறையெங்கும் முகர்ந்து பார்க்கிறார். எங்கும் எதுவும் கருகவில்லை. அருகே படுத்திருக்கும் மனைவி தமக்கு எந்த மணமும் தெரியவில்லை என்கிறார். மறுநாள் குழாயும் முகமூடியும் கழுவப்படுகின்றன, வடிகட்டி மாற்றப்படுகிறது, நீர்க்கலத்தில் கொதித்தாறிய நீர் ஊற்றப்படுகிறது. மணம் மறையவில்லை. பொறியைச் சோதித்த தொழினுட்பவியலாளர் அதிற் குறையில்லை என்கிறார். வீட்டார் அவருடைய முறைப்பாட்டை முதலில் அக்கறையோடும், பின்னர் பொறுமையோடும், ஈற்றில் புன்னகையோடும் கேட்கின்றனர். எல்லாம் மனப்பிரமை என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. அவரோ இரவுதோறும் அம்மணத்தைச் சுவாசிக்கிறார்; அல்லது பொறியை நிறுத்திவிட்டு, மூச்சுத் தடைப்படும் பழைய உறக்கத்துக்கே திரும்புகிறார்.

இங்கு எழும் வினாக்கள் இரண்டு. பிறர் எவரும் அறியாத ஒரு மணத்தை ஒருவர் அறிகிறார் எனின், அவர் அறிவது யாது? அவருடைய கூற்றைக் கேட்போர் அவருக்குச் செய்யக் கடமைப்பட்டது யாது? முன்னையது அறிவாராய்ச்சியியலுக்கும் பின்னையது ஒழுக்கவியலுக்கும் உரியது. முதல் வினாவுக்கு அவசரமாகக் கூறப்படும் விடையே இரண்டாவது வினாவுக்கும் விடையாகக் கொள்ளப்படுவதால் தவறு நேர்கிறது.

இம்மூச்சுப்பொறியின் வரலாறு நீண்டதன்று. அவுஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980 இல் இம்முறையை முதன்முதலாக நோயாளர் ஒருவரிடம் பரீட்சித்தார். ஐந்து நோயாளர் பற்றி அவரும் உடனாய்வாளரும் எழுதிய அறிக்கை 1981 இல் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மூக்கின் வழியே இடைவிடாது செலுத்தப்படும் காற்றின் அமுக்கம், தளர்ந்து விழும் தசைகளை உள்ளிருந்து தாங்கி நிற்பதே இம்முறையின் அடிப்படை. அவ்வமுக்கம் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உயரமான நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமமாக அமைக்கப்படும். 10 செக்கனேனும் நீடிக்கும் மூச்சுத்தடைகளும் மூச்சுக்குறைவுகளும் மணித்தியாலமொன்றுக்கு 30 அல்லது அதற்கு மேற்படின் நோய் கடுமையானதெனக் கணிக்கப்படும். பகலிலே தாங்கவொண்ணாத தூக்கம், உயர் குருதியமுக்கம், வாகனம் செலுத்துகையிற் கண்ணயர்வதால் நேரும் விபத்து முதலியன இந்நோயோடு தொடர்புடையவை. எனவே மணமொன்றின் காரணமாக ஒருவர் பொறியை ஒதுக்குவாராயின், அம்மணம் இல்லாதது என்று கூறி எவரும் அமைதி கொள்ள இயலாது. இல்லாத மணமும் உள்ள உயிருக்கு ஊறு செய்யக் கூடும்.

அத்தகைய மணத்தின் தோற்றுவாய் மூன்று இடங்களுள் ஒன்றில் அமையலாம். முதலாவது பொறி. புதிய முகமூடியின் சிலிக்கோன், அழுக்கேறிய வடிகட்டி, நீர்க்கலத்திற் படியும் பூஞ்சணம், அறைக்காற்றிற் கலந்துள்ள புகை ஆகியன யாவும் குழாய் வழியே நேராக மூக்கை அடைவன. இரண்டாவது மூக்கு. இடையறாத காற்றோட்டத்தால் மூக்கின் உட்தோல் உலர்ந்து அழற்சியுறலாம். மூக்கையடுத்த எலும்பறைகளில் தொற்று இருக்கலாம். மூன்றாவது மூளை. ஒற்றைத் தலைவலி, வலிப்பு, தலையிற் பட்ட காயம் ஆகியவற்றோடு தொடர்புடையனவாகவும், அரிதாக மூளைக்கட்டியின் அறிகுறியாகவும், வெளியே பொருளின்றி மணம் தோன்றுதல் மருத்துவ நூல்களிற் கூறப்படுகிறது. இது அருமையாக நிகழ்வதொன்றும் அன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 15 பேருக்கு ஒருவர் இத்தகைய மணத்தை அறிந்திருந்தனர் எனக் காட்டிற்று.

இவற்றுக்கிடையேயான எல்லைகளும் கூரியனவல்ல. மூக்கறையின் மேற்கூரையிலுள்ள சிறியதொரு பரப்பில் மணமுணர் நரம்புக்கலங்கள் அமைந்துள்ளன. அவற்றின் வாங்கிகளுக்குரிய பரம்பரையலகுகளை 1991 இல் வெளிப்படுத்திய லின்டா பக், றிச்சாட் அக்சல் ஆகிய இருவரும் 2004 இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் ஏறத்தாழ 400 வகை வாங்கிகள் தொழிற்படுகின்றன. இவை இரசாயனப் பொருள்களுக்கு மட்டுமே துலங்குவன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆனால் எலிகளின் இந்நரம்புக்கலங்களுட் பல, அமுக்க மாற்றத்துக்கும் துலங்குகின்றன என 2007 இல் வெளியான ஆய்வொன்று புலப்படுத்திற்று. எலியிற் கண்டதை இப்பொறியை அணியும் மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும் மணப்பொருளொன்றைச் சுமந்து வராத வெறுங்காற்றே மணமுணர் நரம்பைத் தூண்டுதல் இயற்கைக்கு முரணானதன்று என்பது இதனாற் பெறப்படும். அவ்வாறாயின், அமுக்கப்பட்ட காற்று மூக்கினுள் புகும்போது எழுந்து, பொறி நின்றதும் மறையும் ஒரு மணத்தை 'வெளியே உள்ளது' என்பதா, 'உள்ளே உள்ளது' என்பதா? காற்று வெளியிலிருந்து வருகிறது. மணம் காற்றில் இல்லை. அறிபவர் பொய் கூறவுமில்லை.

இன்னொரு சிறப்பும் ஈண்டு நோக்கற்பாலது. மெய்யான மணம் மூக்குக்குப் பழகிவிடும் இயல்புடையது. தோற்பதனிடும் சாலையிலோ மீன் சந்தையிலோ நுழைபவர் முதலில் மூக்கைப் பொத்துவர். சிறிது நேரத்தில் அம்மணத்தை அறியாதே உரையாடிக்கொண்டிருப்பர். இடைவிடாது வீசும் ஒரே மணம் விரைவில் மங்கவேண்டும் என்பதே விதி. ஆனால் பொருளின்றித் தோன்றும் மணமோ மணித்தியாலக் கணக்கில் மங்காது நிற்றல் கூடும். உலகியலில், நிலைத்து நிற்பது மெய், தோன்றி மறைவது பொய் எனக் கொள்ளுதல் வழக்கம். இங்கோ நிலைத்து நிற்றலே பொருளின்மையை ஐயுறுவதற்கு ஏதுவாகிறது. மாறாத ஒன்றே உண்மை என்ற எளிய அளவுகோல் மூக்கின்முன் பயனற்றுப் போகிறது.

அறிவின் வாயில்களை ஆராய்ந்த பழைய மெய்யியலாளர் இத்தகைய நிலைகளை அறியாதவரல்லர். நியாய மரபினர், புலனும் பொருளும் கூடுவதாற் பிறந்து பிறழாது நிற்கும் அறிவையே காட்சி என வரையறுத்தனர். அவ்வரையறைப்படி, பொருளின்றி எழும் மணவுணர்வு காட்சி ஆகாது. அங்ஙனமாயின் அது யாது? மணிமேகலையின் 'சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை', அளவைகளோடு அளவைப் போலிகள் எட்டினையும் கூறுகிறது. அவற்றுள் ஒன்று திரியக்கோடல். சிப்பியை வெள்ளியென மயங்குதல் அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று இல்வழக்கு, முயற்கொம்பு என்பதுபோலச் சொல்லளவில் மட்டும் உள்ள ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் அது. மல்லிகையின் மணம் ஒருவருக்கு அழுகல் நாற்றமாகத் தோன்றுமாயின் அதனைத் திரியக்கோடல் என அமைதியோடு கூறலாம். சிப்பி போன்று மல்லிகை என ஒரு பொருள் அங்கு உண்டு. ஆனால் முகமூடிக்குள் எழும் கருகல் மணத்துக்கு மயங்குதற்குரிய சிப்பி இல்லை. அதனை இல்வழக்கு எனலும் பொருந்தாது. முயற்கொம்பு எவரையும் குத்துவதில்லை. இம்மணமோ உறக்கத்தைக் கெடுக்கிறது. திரியக்கோடலுக்கும் இல்வழக்குக்கும் இடையே, இரண்டிலும் அடங்காது, இவ்வனுபவம் நிற்கிறது.

சிவஞானசித்தியார் காட்டும் பாகுபாடு இச்சிக்கலைத் தீர்க்க உதவுகிறது. காட்சியளவையை அந்நூல் ஒரே தன்மையதாகக் கொள்ளவில்லை. பொறிகளின் வழியே புறப்பொருளை அறியும் இந்திரியக் காட்சி வேறு. இன்பமாகவும் துன்பமாகவும் உயிர் தன் அனுபவத்தைத் தானே அறியும் தன்வேதனைக் காட்சி வேறு. இப்பாகுபாட்டை நோக்கின், பொறியணிந்த அம்மனிதரின் கூற்றில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடத்தல் தெரியவரும். 'இங்கே ஏதோ கருகுகிறது' என்பது ஒன்று. 'எனக்குக் கருகல் மணம் தோன்றுகிறது, அது என்னை வருத்துகிறது' என்பது மற்றொன்று. முன்னையது இந்திரியக் காட்சி பற்றிய உரிமைகோரல். அதனைப் பிறர் சோதிக்கலாம், மறுக்கலாம். பின்னையது தன்வேதனைக் காட்சியின்பாற்பட்டது. அதற்கு அவரே சாட்சி. முன்னையது பொய்த்தால் பின்னையதும் பொய்க்கும் என்பதற்கு நியாயம் யாதுமில்லை. உறுப்பிழந்தோர் அவ்வுறுப்பில் நோவை உணர்தலை 1641 இல் வெளியான தமது தியானங்களில் எடுத்துக்காட்டிய டேக்காட், அதனைக் கொண்டு புலனறிவின் உறுதியையே ஐயுற்றார். இழந்த கையில் நோவு உண்டெனல் இடம்பற்றிய பிழை; நோவு உண்டெனல் பிழையன்று.

அவ்வாறாயின் இவ்விரு கூற்றுகளும் ஏன் ஒன்றாகவே செவியிற் படுகின்றன? விடை மொழியில் உள்ளது. நிறங்களுக்குச் சிவப்பு, பச்சை எனப் பொருள்களைச் சாராப் பெயர்கள் உண்டு. மணங்களுக்கோ பெரும்பாலும் அவை தோன்றும் பொருளே பெயர் தருகிறது. மல்லிகை மணம், மண்ணெண்ணெய் மணம், றப்பர் எரியும் மணம் என்றே மக்கள் வழங்குகின்றனர். முடை, வெடுக்கு போன்ற சில சொற்கள் தமிழில் உண்டெனினும் அவை மிகச் சிலவே. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜகாய் மக்கள் மணங்களுக்குப் பொருள்சாராப் பெயர்கள் பலவற்றை வழங்குகின்றனர் என்பதும், அதனால் அவர்கள் நிறங்களைப் போன்றே மணங்களையும் எளிதிற் பெயரிட வல்லவர் என்பதும் 2014 இல் வெளியான மொழியாய்வொன்றால் அறியப்பட்டன. அத்தகைய சொல்வளம் இல்லாத ஒருவர், தம் அனுபவத்தைக் கூற வாய்திறந்த உடனேயே ஒரு காரணத்தையும் சேர்த்துக் கூறிவிடுகிறார். 'பிளாஸ்ரிக் கருகும் மணம்' என்ற தொடரில் பிளாஸ்ரிக்கும் நெருப்பும் ஏலவே வந்துவிடுகின்றன. கேட்பவர் பிளாஸ்ரிக் எங்கும் கருகவில்லை எனக் காட்டி, மணத்தையே மறுத்துவிட்டதாக எண்ணுகிறார். மறுக்கப்பட்டது பெயரில் அடங்கிய காரணம் மட்டுமே. பெயரிடப்பட்ட அனுபவம் இன்னும் விடையின்றி நிற்கிறது.

மொழியின் இக்குறைபாட்டோடு பொறியின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி இருப்பதாகவும், அதனுள் இருப்பதை அவரவர் 'வண்டு' என அழைப்பதாகவும், பிறர் பெட்டியுள் எவரும் நோக்க இயலாதெனவும் விற்கன்ஸ்ரைன் ஓர் எடுத்துக்காட்டை அமைத்தார். 1953 இல் வெளியான அவருடைய நூலில் அது இடம்பெறுகிறது. மணத்தைப் பொறுத்தவரை இப்பெட்டி சாதாரணமாகத் திறந்தே கிடக்கிறது. அடுக்களையிற் பால் தீய்ந்தால் வீட்டிலுள்ள யாவரும் அறிவர். ஒருவர் அறியாவிடினும் மற்றவர் கூறுவர். பலர் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்வதே மணம் பற்றிய உண்மையின் பொதுச்சோதனை. முகமூடியை அணிந்தவரோ தமக்கெனத் தனியானதொரு காற்றுமண்டலத்தில் வாழ்கிறார். அவர் சுவாசிக்கும் காற்று அருகிலிருப்பவரின் மூக்கை அதே நிலையில் அடைவதில்லை. ஆகையால், 'எனக்கு மணக்கவில்லை' என்று அருகிலிருப்பவர் கூறுவது அறைக்காற்றுப் பற்றிய சாட்சியமேயன்றி முகமூடிக்குள் இருக்கும் காற்றுப் பற்றிய சாட்சியமாகாது. பூட்டிய அறைக்கு வெளியே நிற்பவர் உள்ளே எவருமில்லை எனச் சத்தியம் செய்வது போன்றது அது.

இதன் விளைவு வெறும் தருக்கப் பிழையோடு முடிவதில்லை என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2021 யூன் மாதத்தில், உலகின் பெரிய மூச்சுப்பொறி உற்பத்தியாளருள் ஒருவரான பிலிப்ஸ் நிறுவனம் தனது பல மாதிரிப் பொறிகளை மீளப் பெறுவதாக அறிவித்தது. ஒலியையும் அதிர்வையும் குறைப்பதற்காகப் பொறியினுள் வைக்கப்பட்ட பொலியூரித்தேன் நுரைப்பஞ்சு காலப்போக்கிற் சிதைந்து, துகள்களாகவும் ஆவியாகும் இரசாயனங்களாகவும் காற்றுப் பாதையிற் கலக்கக்கூடும் என்பதே காரணம். வெப்பமும் ஈரலிப்பும் மிக்க சூழலும், ஓசோன் கொண்டு பொறியைத் துப்புரவாக்கும் முறையும் அச்சிதைவைத் துரிதப்படுத்தலாம் எனவும் கூறப்பட்டது. மில்லியன் கணக்கான பொறிகள் இதில் அடங்கின. அத்துகள்களாலும் ஆவிகளாலும் நேரக்கூடிய தீங்கின் அளவு பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. ஈண்டு அவை வேண்டப்படா. பொறியின் வயிற்றுள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மணத்துக்குக் காரணமாகத்தக்க ஒன்று உண்மையாகவே இருத்தல் கூடும் என்பதே இங்கு கருதத்தக்கது. அத்தகைய பொறியொன்றை அணிந்து ஒருவர் 2020 இல் இரசாயன மணம் ஒன்றைக் கூறியிருப்பாராயின், 'பிரமை' என்ற சொல் அன்று நியாயமானதாகத் தோன்றியிருக்கும். ஓராண்டின் பின்னர் அது நியாயமற்றதாகத் தோன்றியிருக்கும். அவ்வோராண்டில் மாறியிருக்கக் கூடியது அவருடைய மூக்கன்று. அவருடைய சொல்லுக்குக் கிடைத்த மதிப்பே.

இதற்கு மறுதலையான நிலையில், பொறியோ புறப்பொருளோ காரணமாகாது மூளையே காரணமானபோதும் நம்பாமை இன்னும் கொடியதாகலாம். இசையமைப்பாளர் ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1937 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேடையிலிருந்தபோது கணப்பொழுது நினைவு தடுமாறினார். அவ்வேளை றப்பர் எரியும் மணத்தையும் அறிந்தார். அம்மணமும் தலைவலியும் தொடர்ந்தன. யூன் மாதத்தில் அவர் வைத்தியசாலையிற் சோதிக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க எதுவும் காணப்படவில்லை. நோய் உளம் சார்ந்ததாகலாம் எனக் கருதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். யூலை 11 இல், மூளைக்கட்டிக்கான சத்திரசிகிச்சையின் பின், தமது 38 ஆவது வயதில் இறந்தார். அக்கால மருத்துவக் கருவிகள் அக்கட்டியை முன்கூட்டிக் கண்டிருப்பினும் அவர் பிழைத்திருப்பாரோ என்பது வேறு வினா. ஆனால் அவருடைய இறுதி மாதங்களில் அவரைச் சூழ்ந்தோருட் சிலர், அவர் நடிப்பதாகவோ உளக்குழப்பம் உடையவராகவோ எண்ணி நடந்துகொண்டனர். றப்பர் எங்கும் எரியவில்லை என்பது உண்மை. அவ்வுண்மையே அவருடைய துன்பத்தைக் காணாதிருக்க ஒரு திரையாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே முடிவைச் சுட்டுகின்றன. ஒன்றில் மணத்துக்குரிய பொருள் புறத்தே இருந்திருக்கலாம். மற்றதில் அது இல்லை. இரண்டிலும், ஆராயாமற் கூறப்படும் 'ஒன்றுமில்லை' என்பது தவறு. ஒருவரின் சொல் அதன் தகுதிக்குக் குறைவாக மதிக்கப்படும்போது அவர் அறிபவர் என்ற நிலையிலேயே தாழ்த்தப்படுகிறார் என மிராண்டா பிறிக்கர் 2007 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதனைச் சாட்சியத்தில் இழைக்கப்படும் அநீதி எனலாம். நோயாளர், சிறுவர், முதியோர் ஆகியோர் அதற்கு எளிதில் ஆளாவர். கொவிட் 19 பரவிய 2020 இற்குப் பின்னர், உள்ள மணத்தை அறியாமையும் இல்லாத மணத்தை அறிதலும் பல நாடுகளிற் பெருந்தொகையானோரால் கூறப்பட்டன. அவை உடனே நோய்க்குறிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒருவர் தனித்துக் கூறும்போது பிரமை எனவும், பல்லாயிரவர் கூடிக் கூறும்போது நோய்க்குறி எனவும் கொள்வது மருத்துவப் புள்ளிவிபரத்துக்குப் பொருந்தலாம், நீதிக்குப் பொருந்தாது. தனியொருவரின் துன்பம் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்பொறியைப் பொறுத்தவரை அவ்வநீதி புதியதொரு வடிவத்தையும் பெறுகிறது. இன்றைய மூச்சுப்பொறி ஒரு பதிவேடுமாகும். எத்தனை மணித்தியாலம் அணியப்பட்டது, எத்தனை முறை மூச்சுத் தடைப்பட்டது, முகமூடியின் விளிம்பால் எவ்வளவு காற்றுக் கசிந்தது என்பன யாவும் அதிற் பதிவாகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டம், தொடர்ச்சியான 30 நாள்களுள் 70 வீதமான இரவுகளில் நாலு மணித்தியாலமேனும் பொறி அணியப்பட்டதா எனப் பார்த்தே சிகிச்சை கைக்கொள்ளப்படுகிறதெனக் கொள்கிறது. மணத்தைப் பதிவதற்கு அப்பொறியில் எவ்வித ஏற்பாடுமில்லை. ஆகவே மணத்தால் வருந்திப் பொறியைக் கழற்றியவரின் இரவு, பதிவேட்டில் 'அணியாத இரவு' என்றே காணப்படும். வைத்தியரின் மேசையில் பொறியின் எண்களும் நோயாளரின் சொற்களும் ஒருசேர வைக்கப்படும்போது, எண்களுக்கு முதலிடம் கிடைப்பது இயல்பு. ஆனால் அளக்கப்படாதது இல்லாதது ஆகாது. கருவியின் மௌனத்தை மறுப்பெனக் கொள்வது கருவியின் குறையன்று. அதனை வாசிப்பவரின் குறை.

இவ்வாறு கூறுவதால், நோயாளர் கூறுவதனைத்தையும் கேட்போர் ஏற்கவேண்டும் என்பது பெறப்படாது. தன்வேதனைக் காட்சிக்கு அவர் ஒருவரே சாட்சியாதல் போல, புறப்பொருள் பற்றிய கூற்றில் அவரும் பலருள் ஒருவரே. தாம் முகர்வது உறுதி என்பதால் அதன் காரணமும் உறுதி எனக் கொண்டு, அயல்வீட்டார் நச்சுப்புகை விடுகின்றனர் என்றோ, மனைவி குழாயைச் சரிவரக் கழுவவில்லை என்றோ குற்றஞ்சாட்டும் உரிமை அவருக்கில்லை. தம் அனுபவத்தை மறுக்காதிருக்கும்படி பிறரிடம் வேண்டுபவர், அவ்வனுபவத்துக்குத் தாம் கற்பிக்கும் காரணத்தைச் சோதனைக்கு உட்படுத்தவும் ஒருப்படல் வேண்டும். பொறியைக் கழற்றி வைத்துப் பார்த்தல், ஒரு மூக்குத்துவாரத்தை அடைத்துப் பார்த்தல், வேறொரு பொறியை அணிந்து பார்த்தல், மூக்கையும் வேண்டின் மூளையையும் வைத்தியர் சோதிக்க உடன்படுதல் ஆகியன அத்தகையன. இவை அவருடைய நேர்மையைப் பற்றிய சோதனைகளல்ல. அவருடைய துன்பத்தின் இருப்பிடத்தைத் தேடும் முயற்சிகளே. இவ்வேறுபாட்டைக் கேட்போரும் உணர்த்துதல் வேண்டும், அவரும் உணர்தல் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு; அதுவே அன்பின் வழிபோலத் தோன்றுவது. இரவுதோறும் கணவர் படும் வேதனையைக் காணப் பொறாத மனைவி, 'ஆம், எனக்கும் மணக்கிறது' என்று கூறிவிடலாம். அச்சொல் ஓரிரவுக்கு ஆறுதல் அளிக்கும். அவர் தனித்தவரல்லர் என்ற உணர்வைத் தரும். எனினும் அவ்வாறுதலின் விலை பெரிது. மணம் பொறியிலுள்ளதா தம்முள் உள்ளதா எனத் துணிவதற்கு அவரிடம் எஞ்சியிருந்த ஒரேயொரு துணை, பொய்யுரையாத இன்னொரு மூக்கு. இரக்கத்தால் அம்மூக்கு பொய்யுரைக்குமாயின், அவர் முன்னையிலும் தனித்தவராகிறார். தனித்திருப்பதை அறியாதவராகவும் ஆகிறார். அவர் மூளையைச் சோதிக்க வேண்டிய வேளையில் வடிகட்டியை மாற்றிக்கொண்டிருப்பார். தீங்கு பயக்காத பொய்யை நம் அறநூல்கள் ஓரளவு பொறுத்துக்கொண்டதுண்டு. இது அத்தகையதன்று. 'ஒன்றுமில்லை' என்பவரும் 'எனக்கும் மணக்கிறது' என்பவரும் எதிர்த் திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும், அவரோடு சேர்ந்து தேடும் உழைப்பைத் தவிர்த்துக்கொள்வதில் இருவரும் ஒருவரே.

அவ்வாறெனின் எஞ்சும் நெறி யாது? அது மிக எளியதொரு செயலில் தொடங்குகிறது. முகமூடிக்குள் உள்ள காற்று ஒருவருக்கே உரியதாக இருப்பதாலன்றோ சாட்சியம் கிடைக்காது போயிற்று? குழாயிலிருந்து முகமூடியைக் கழற்றி, பொறியை இயக்கி, குழாயின் நுனியைத் தம் மூக்கருகே கொணர்ந்து ஐந்து நிமிடம் அக்காற்றை முகர்ந்து பார்ப்பதே அச்செயல். அடுத்திருப்பவருக்கும் தொழினுட்பவியலாளருக்கும் வைத்தியருக்கும் அது இயலக்கூடியதே. அங்கு மணம் இருக்குமாயின் பொறியிற் குறை தெரிந்துவிடும். இல்லையாயின், 'எனக்கு மணக்கவில்லை. உங்களுக்கு மணக்கிறது என்பதை நம்புகிறேன். இனி வேறிடத்திற் தேடுவோம்' என்று கூறும் தகுதி அவருக்குக் கிடைக்கிறது. முகராது கூறிய 'மணக்கவில்லை' என்பதற்கும், முகர்ந்து கூறிய 'மணக்கவில்லை' என்பதற்கும் சொல்லில் வேறுபாடில்லை. கேட்பவருக்கு அவை முற்றிலும் வெவ்வேறானவை. முன்னையது தீர்ப்பு; பின்னையது துணை.

மணமொன்று உள்ளதா இல்லதா என்ற வினாவுக்கு அறிவியல் ஒரு நாள் இன்னும் துல்லியமான விடைகளைத் தரலாம். அந்நாள் வரையும், அதன் பின்னரும், ஒருவரின் அனுபவத்துக்கு அவரைச் சாட்சியாக ஏற்று, அதன் காரணத்தை அவரோடு கூடி ஆராய்தல் அருகிலிருப்பவரின் கடமையாகவே இருக்கும். மூச்சை நிறுத்தாமல் எவரும் தம் மூக்கை மூடிவிட முடியாது. கதவில்லாத அவ்வாயிலிற் காவலாக நிற்கும் ஒருவர் ஏதோ வருகிறது எனக் கூறுமிடத்து, எழுந்து சென்று பார்ப்பதே ஏனையோர் செய்யத்தக்கது.